ஓடிக்கொண்டே செய்த ஜெபம்

எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை நடந்தது இது. அப்போது நான் அரூருக்குப் பக்கத்தில் சித்தேரி மலைமேல் ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் தருமபுரி டவுன். மலைமேல் வேலை என்றதும் என் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நானோ பெரிய ஊழியத்துக்குப் புறப்படுகிறவள் மாதிரி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கு ஜெபம் பண்ண நன்றாக வரும். இப்போது இதைச் சொல்லச் சிரிப்பு வருகிறது. அப்போது அதுதான் எனக்குக் கிரீடம். எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் என்றாலும், புது வீட்டுப் பிரதிஷ்டை என்றாலும் "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க" என்பார்கள். எழுந்து நின்று கண்ணை மூடினால் வசனம் வசனமாக வந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒரு வரிசையும் வைத்திருந்தேன். முதலில் துதி, அப்புறம் ஸ்தோத்திரம், பிறகு பாவ அறிக்கை. அதன் பின் தேசத்துக்காக, தேசத்தை ஆளுகிறவர்களுக்காக, சபைக்காக, ஊழியர்களுக்காக, விதவைகளுக்காக, திக்கற்றவர்களுக்காக. இத்தனையும் முடிந்த பிறகுதான் எதற்காகக் கூடியிருக்கிறோமோ அந்த விஷயத்துக்கு வருவேன். ஒரு காய்ச்சலுக்கு ஜெபிக்கக் கூப்பிட்டால் காய்ச்சலுக்கு வந்து சேருமுன் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவேன். முடிந்ததும் யாராவது வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா இவ்வளவு வசனம் ஞாபகம் வெச்சிருக்கே?" என்று கேட்பார்கள். அதற்காகவே ஜெபித்தேனோ என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஊரில் எட்டு வீடுகள் மட்டும் கிறிஸ்தவ வீடுகள். தகரம் போட்ட சின்னக் கோயில். பாஸ்டர் மாதத்துக்கு ஒரு முறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் என் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அந்தப் பொறுப்பு என் தலையில் நன்றாகவே ஏறியிருந்தது. ஜெபத்தின்போது யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, ஆமென் சொல்லும்வரை அசையக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி ஜெபத்தில் எழுந்துபோய் ஆட்டை விரட்டிவிட்டு வந்த பெரியவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். ஆடு தின்றுகொண்டிருந்தது அவர் வீட்டுக் கூரையை.

பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவருக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். சாமை விதைப்பார், புளி உலுக்குவார். கோயிலுக்கு வரத் தொடங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. நான் வந்த புதிதில், யாராவது ஜெபிக்கலாம் என்று சொன்னால் முதல் ஆளாக அவர்தான் வாய் திறப்பார். ஆனால் அது ஜெபம் என்றே எனக்குத் தோன்றாது. ராத்திரி பன்றி வந்து கிழங்கைத் தோண்டிவிட்டது, நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்பார். வெள்ளாட்டுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பார். பெண்டாட்டியோடு சண்டை, தப்பு என் பேரில்தான், அவளிடம் நீ கொஞ்சம் எடுத்துச் சொல் என்பார். மொத்த சபையும் கண்ணை மூடிக்கொண்டு அவர் வீட்டுச் சண்டையைக் கேட்கும். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இவரைத் திருத்துவது என் கடமை என்று தோன்றிவிட்டது. ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆண்டவரிடம் இப்படிப் பேசக் கூடாது, பன்றி பற்றியெல்லாம் ஜெபத்தில் வரக் கூடாது என்று விளக்கினேன். நோட்டுத் தாளில் அழகான ஜெபம் ஒன்றை எழுதி, வாசித்துக் காட்டி, மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு ஞாயிறு முயற்சி செய்தார். முதல் வரி வரும், இரண்டாவது வரியில் நின்றுவிடும். மூன்றாவது ஞாயிற்றிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. பரவாயில்லை, பயபக்தி வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அவர் மனைவிக்கு அது தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. ஊரில் பிரசவம் பார்க்கும் அம்மாள் கூடவே இருந்தார். மலையில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள்தான். ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் அந்த அம்மாளே முகம் வெளிறி வெளியே வந்தார்.

"கால் முன்னால வருது. என் கைக்கு இது ஆவாது. அரூருக்குக் கொண்டு போயிருங்க."

அரூருக்குப் போக ஒரே வழி பஸ். காலையில் மலைக்கு வந்த பஸ் மேலூர் வரை போய்த் திரும்பி, பதினொரு மணி சுமாருக்கு எங்கள் ஊர் வழியாக இறங்கும். அதை விட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அடுத்தது. நானும் சனிக்கிழமைதோறும் அந்தப் பதினொரு மணி பஸ்ஸில் அரூர் போய்ச் சாமான் வாங்கி வருவது வழக்கம். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் என்னைத் தெரியும். அதனால் நானும் கூடப் போவதென்று முடிவாகிவிட்டது.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கம்பளியை மூங்கிலில் கட்டி டோலி தயார் செய்தார்கள். அந்தப் பெண்ணை அதில் கிடத்தி வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். ரோடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவளுடைய கொழுந்தன், நான் போய் ரோட்டில் நின்று பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன் என்று கிளம்பினார். பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அப்போதுதான் அவள் கணவர் என்னைப் பார்த்து, "டீச்சரு, ஒரு வார்த்த ஜெபம் பண்ணுங்க, கெளம்பிரலாம்" என்றார்.

ஒரு வார்த்தை என்றுதான் கேட்டார். எனக்கு அது போதவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாரும் ஒருமனப்பட்டு ஜெபிக்க வேண்டும், ஒருவர்கூட வெளியே நிற்கக் கூடாது என்றேன். ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்தனைக் கைதட்டித் திரும்பக் கூப்பிட்டேன். அக்கம்பக்கத்து வீட்டாரையும் வரச் சொன்னேன். இருபது பேர் டோலியைச் சுற்றி நின்று தலை குனிந்து கண்ணை மூடினோம். நான் ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என்னவோ வார்த்தைகள் அருவியாக வந்தன. எனக்கே ஆச்சரியம். துதி முடிய ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நடுவில் அந்தப் பெண் முனகும் சத்தம் கேட்டது. நான் குரலை உயர்த்தினேன். தேசத்துக்காக ஜெபித்தேன். தேசத்தை ஆளுகிறவர்களுக்கு ஞானம் கேட்டேன். விதவைகளிடம் வந்து சேர்ந்தபோது ரோட்டுப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது.

இந்த இடத்தை எழுத எனக்கு இன்றும் கை கூசுகிறது. அது பஸ் ஹாரன் என்று என் காதுக்குத் தெரிந்தது. ஆனால் என் மனசு, ஜெபத்தைக் கெடுக்கச் சாத்தான் செய்கிற தந்திரம் இது, மசிந்துவிடாதே என்று சொன்னது. ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது. திக்கற்றவர்களுக்காக இன்னும் உரக்க ஜெபித்தேன். மூன்றாவது தடவையும் அடித்தது. யாரும் அசையவில்லை. அசையக் கூடாது என்று பழக்கியவளே நான்தானே. பிறகு இன்ஜின் சத்தம் மெல்லத் தேய்ந்து போனது. தடங்கல் நீங்கியது என்று நிம்மதியாகப் பிரசவத்துக்கு வந்தேன். ரத்தினச் சுருக்கமாக நாலு வரி ஜெபித்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது. பஸ்ஸின் பின்புறம் கீழே முதல் வளைவில் திரும்பி மறைந்தது.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. பிரசவம் பார்த்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். டோலிக்குள் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் ஐந்து மணிவரை அவள் தாங்க மாட்டாள் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. இரண்டு உயிர். என் வாய்க்குப் பலியாகப் போகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பழக்க தோஷத்தில் மறுபடியும் கண்ணை மூடி, "கிருபையும் இரக்கமும் உள்ள எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்தேன்.

அவள் கணவர் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். அதுவரை என் எதிரே நிமிர்ந்துகூடப் பேசாத மனிதர்.

"இப்ப கண்ண மூடாதீங்க டீச்சரு. ஓடிக்கிட்டே கேக்கலாம்."

மடமடவென்று அவரே சொன்னார். பஸ் ஏழு வளைவு சுற்றித்தான் கீழே போக வேண்டும். நாம் ஒற்றையடிப் பாதையில் நேராக இறங்கினால் கீழூர்ப் புளியந்தோப்புக்கிட்டே ரோட்டைப் பிடிக்கலாம். புளி சீசன், பஸ் மேலே மூட்டை ஏற்றுவார்கள், கொஞ்ச நேரம் நிற்கும். நாங்கள் நான்கு ஆம்பிளைகளும் டோலி தூக்கி வருகிறோம். உங்களை டிரைவருக்குத் தெரியும், நீங்கள் முன்னால் ஓடிப்போய் நிறுத்துங்கள் என்றார். சொல்லி முடிப்பதற்குள் டோலி தோளில் ஏறிவிட்டது.

ஓடினேன். பள்ளிக்கூடத்தில் ஓடியதற்குப் பிறகு நான் அப்படி ஓடியதில்லை. அதைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கல்லும் வேரும் சரளையுமாகச் செங்குத்தாக இறங்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். முதல் இறக்கத்திலேயே ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றை நானே கழற்றி எறிந்தேன். முள்ளில் மாட்டி முந்தானை கிழிந்தது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே வழுக்கி இறங்கினேன். அந்தக் கோலத்தை என் மாணவர்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் பாடம் நடந்திருக்காது.

ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. நாவில் ஊறிக்கிடந்த ஒரு வசனமும் வரவில்லை. வரிசை எல்லாம் மறந்துபோனது. மூச்சு வாங்க வாங்க வாயில் வந்தது இரண்டே சொல்தான். "ஏசப்பா, பஸ்ஸு. ஏசப்பா, பஸ்ஸு." ஒவ்வொரு எட்டுக்கும் அதையே சொல்லிக்கொண்டு இறங்கினேன். அழுதுகொண்டே சொன்னேன். இருபத்து நான்கு வயதுவரை நான் செய்த ஜெபங்களிலேயே அதுதான் சின்னது. கேட்டது கிடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு காரியத்துக்காக மனசார நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

அப்போது எனக்கு மேலே, மரங்களுக்கு நடுவிலிருந்து அவர் குரல் கேட்டது. டோலியைச் சுமந்துகொண்டு, பாதையைப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டே, மூச்சிரைக்க உரத்துப் பேசிக்கொண்டு வந்தார். உடன் வருகிற ஆளிடம் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏசப்பா, பஸ்ஸு போயிருச்சு, நீயும் பாத்த. டீச்சரு வேணும்னு பண்ணல. அவங்கள ஒண்ணும் சொல்லிராத. இவ பயந்து கெடக்குறா, அவ கையப் புடிச்சுக்க. அங்க கீழ இன்னொரு மூட்ட சேத்து ஏத்தச் சொல்லு சாமி."

தம் பெண்டாட்டி உயிருக்குப் போராடும்போது, அதற்குக் காரணமானவளுக்காக முதலில் பரிந்து பேசிவிட்டு அப்புறம் தம் காரியத்தைக் கேட்கிறார். இந்த வாயையா நான் மூட வைத்தேன் என்று நினைத்தேன். நினைத்து நிற்க நேரமில்லை. ஓடினேன்.

கடைசி மேட்டைத் தாண்டியதும் புளியந்தோப்பு தெரிந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது.

மூட்டை ஏற்றி முடித்திருக்க வேண்டிய பஸ்தான் அது. கடைசி மூட்டையை ஏணியில் ஏற்றும்போது தையல் பிரிந்து, புளி மொத்தமும் ரோட்டில் கொட்டியிருக்கிறது. மூட்டைக்குச் சொந்தக்காரர் இதைவிட்டு நான் வர மாட்டேன் என்று பஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாலு பெண்கள் வாரி வாரி வேறு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் இடுப்பில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் போய் பஸ்ஸின் முன்னால், மூட்டைக்காரருக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மேலே மலையைக் காட்டினேன்.

டிரைவர் ஐம்பது வயதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர், அரூர்க்காரர். எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். இறங்கி வந்து என் காலில் ரத்தத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னேன். கேட்டதும் அவர் கண்டக்டரிடம் திரும்பி, விசிலைப் பையில் போட்டுக்கொள், அந்தப் பெண் வரும்வரை வண்டி நகராது என்றார். பின் வரிசை நீள சீட்டில் இருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டு, தன் துண்டை எடுத்து அதைத் துடைத்தார். அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

"மூணு தடவ ஹாரன் அடிச்சேம்மா. வூட்டு வாசல்ல அத்தன பேரும் தலைய குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தீங்க. எழவு வூடுன்னு நெனச்சு, தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

இதைக் கேட்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டோலி வந்து சேர இன்னும் கால் மணி ஆனது. அதுவரை பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியே அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோலி தலை தெரிந்ததும் இளைஞர்கள் நாலைந்து பேர் ஓடிப்போய்த் தோள் மாற்றினார்கள்.

பஸ் புறப்பட்டது. ஒவ்வொரு வளைவிலும் பாய் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது மாதிரி வண்டியை ஓட்டினார். பின் சீட்டில் அந்தப் பெண்ணின் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் அவள் கண் திறந்து என்னைப் பார்த்து, ஜெபம் பண்ணுங்க டீச்சரு என்றாள். இத்தனைக்கும் பிறகு என்னிடமே கேட்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசப்பா, கூடவே இரு" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். ஆண்டவரை மரியாதை குறைத்து ஒருமையில் பேசுகிறோமே என்பதெல்லாம் அப்போது எங்கே நினைவில் இருந்தது. அவளும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பாய் வண்டியை நேரே அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மத்தியானம் இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கால் முன்னால் வந்து, கொஞ்சம் பயமுறுத்தி, அப்புறம் வீறிட்டு அழுததாம். வெளியே வந்த டாக்டரம்மா, சாயங்காலம்வரை விட்டிருந்தால் தாயும் பிள்ளையும் இரண்டுமே கஷ்டம், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்.

அன்று சாயங்கால டிரிப்பில் மலையேறிய பாய், நிறுத்திய இடத்திலெல்லாம் பெண் பிறந்திருக்கிறாள், தாயும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டே போனாராம். எங்கள் ஊருக்குள் நுழையும்போது ஹாரனில் கை வைத்தவர் ஊரைக் கடக்கும்வரை எடுக்கவே இல்லையாம். இந்தத் தடவை மொத்த ஊரும் ரோட்டுக்கு ஓடி வந்ததாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ ஜெபங்களில் பாவ அறிக்கை செய்திருக்கிறேன். ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, நான் செய்தது தப்பு என்று சொன்னது அன்றுதான். அவர் சங்கடப்பட்டுக் காலை மாற்றி மாற்றி நின்றார். கொழுந்தன்தான் சிரித்துக்கொண்டே ஒன்றைப் போட்டு உடைத்தார். ஹாரன் அடித்தபோது ஒற்றைக் கண்ணைத் திறந்து பஸ்ஸைப் பார்த்தாராம். டீச்சர் திட்டுவார்களே என்று பயந்து மறுபடி மூடிக்கொண்டாராம். அதைக் கேட்டு அவர் அண்ணனும் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"உங்க ஜெபமும் சாமி காதுல வுழுந்திருக்கும் டீச்சரு. டிரைவரு காதுலதான் வுழல."

நான் எழுதிக் கொடுத்த ஜெபத்தை மறந்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அது எப்போதோ மறந்துபோயிற்று என்றார். அப்படியானால் இத்தனை நாளும் ஜெபிக்காமலே இருந்தீர்களா என்று கேட்டேன். கோயிலில் பேசத்தான் கூச்சமாக இருந்தது, கொல்லைக்காட்டில் களை எடுக்கும்போது பேசிக்கொண்டுதான் இருந்தேன் என்றார். பாறைமேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது கூட ஒரு ஆள் இருப்பது மாதிரிதான் அவருக்கு. அதை அவர் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சாமை விளைச்சலைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கோ பொறாமையாக இருந்தது. நான் அத்தனை வருஷம் ஆண்டவரைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன், இவர் அவரிடமே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் பாஸ்டர் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டைக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் நிறைந்துவிட்டது. பாய்கூடத் தன் வீட்டம்மாவோடு வந்து வாசலோரம் நின்றார். வெளியே அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ண டீச்சரைக் கூப்பிடுங்கள் என்று குழந்தையின் அப்பாதான் பாஸ்டரிடம் சொன்னார். நான் எழுந்து நின்றேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். குழந்தை பசிக்குச் சிணுங்க ஆரம்பித்திருந்தது.

"ஏசப்பா, பாப்பா நல்லா இருக்கா. அவங்கம்மாவும் நல்லா இருக்கா. ரொம்ப நன்றி. ஆமென்."

ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாரும் நான் இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறேன் என்று தலை குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிஷம் பார்த்தேன். ஒரு நிமிஷம் பார்த்தேன். வேறு வழியில்லாமல், "முடிஞ்சிருச்சுங்க. கண்ணத் தொறங்க" என்றேன்.

முதலில் சிரித்தது குழந்தையின் அம்மா. அடுத்து பாஸ்டர். அப்புறம் தகரக் கூரை அதிர மொத்தக் கோயிலும் சிரித்தது. நான் கடிந்துகொண்ட ஆட்டுக்காரப் பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியதும் குழந்தையின் அப்பா பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகக் கோயிலில் வாய் திறந்து ஜெபித்தார். கறிக்கு உப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அத்தனை பேரும் மனசாரச் சொன்னோம், ஆமென்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்த மலையில் இருந்தேன். கல்யாணமாகி, இடம் மாறி, ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளும் வந்துவிட்டார்கள். இப்போதும் என்னை ஜெபிக்கக் கூப்பிடுகிறார்கள். வேதவசனங்களை நான் மறந்துவிடவில்லை. அவற்றின்மேல் எனக்குப் பிரியம் குறையவும் இல்லை. ஆனால் ஜெபிக்க எழுந்து நின்றதும், எனக்காக யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இன்றுவரை நான் கண்ணை மூடுகிறேன்.